தலைக்காயமும் இல்லப் பாதுகாப்பும்

ரமணாசிரமத்திலிருந்து கந்தாசிரமத்திற்கு ஏறும் கற்பாதையில் மழைநாளிற் கால் வழுக்கித் தலையில் அடிபடுதல் நேரக்கூடியதே. நம்மவர் உடனே காப்பிப்பொடியை அப்பி, உறங்கவிடாதீர் என்பர். முன்னதை நாம் ஒப்புகிலோம். தூய துணியை வைத்துப் பிடித்தலே தகும். பின்னதும் முழுதும் மெய்யன்று. மருத்துவர் சோதித்து அனுப்பியபின் உறங்கலாம். ஆயின் முதல் 24 மணி நேரம் ஒருவர் உடனிருந்து, எழுப்பினால் எழுகின்றாரா, தெளிவாய் விடை பகர்கின்றாரா என நோக்கல் வேண்டும்.

காரணம் யாதெனின், மண்டையோடு விரியாத பெட்டி போல்வது. உள்ளே குழாய் கிழிந்து குருதி சிறிது சிறிதாய்ச் சேருமாயின், நன்றாய்ப் பேசியிருந்தவரும் சில மணி நேரத்தில் நினைவிழப்பர். ஆகவே தலைவலி மிகுதல், அடுத்தடுத்து வாந்தி, குழறிய பேச்சு, வலிப்பு, கண்மணிகள் ஒத்திராமை, காதிலேனும் மூக்கிலேனும் தெளிநீர் ஒழுகல், இவற்றுள் ஒன்று தோன்றினும் 108ஐ அழைக்க. முதியோர்க்கும், இரத்தம் உறையாதிருக்க மருந்துண்போர்க்கும் சிற்றடியும் பெரிதே. சில வாரங்கழித்தும் அவர்க்குத் தடுமாற்றம் தோன்றலாம்.

வலிக்குப் பாரசிட்டமால் போதும், ஆஸ்பிரின் வேண்டா. மதுவும் வண்டியோட்டலும் விலக்கற்பாலன. கைப்பேசியையும் சற்றே விலக்குதல் நன்று, சொல்லுதல் எளிதன்றோ! 14 கிலோமீட்டர்க் கிரிவலத்தை அடுத்த பௌர்ணமிக்கு ஒத்திவைக்க.