காவலைக் கட்டிப்போடும் டெங்கு

திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ உங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய ஆட்டுக்கல் கிடந்தால் ஒருமுறை எட்டிப் பாருங்கள். குழியில் தேங்கிய மழைநீரில் நெளியும் புழு, ஒரு வாரம் பத்து நாளில் ஏடிஸ் கொசுவாகிப் பறக்கும். பகலில் கடிக்கும் இந்தக் கொசுதான் டெங்கு வைரஸைச் சுமந்து வருகிறது.

வைரஸ் நுழைந்ததும் தாக்கப்பட்ட செல் சும்மா இருப்பதில்லை. இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியிட்டு, அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கிறது. 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டென்மன் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டறிந்த பிறவிக் காவல் இது.

டெங்கு கைவைப்பது சரியாக இங்கேதான். அதன் என்.எஸ்.5 என்னும் புரதம், எச்சரிக்கையைச் செல்லின் உட்கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட் 2 என்ற தூதனை அழித்துவிடுகிறது. செய்தி வாசல்வரை வந்தும் உள்ளே போய்ச் சேர்வதில்லை. வைரஸின் இன்னொரு நொதி, ஸ்டிங் என்ற அபாயமணியையே வெட்டிவிடுகிறது. வியப்பு என்னவென்றால், எலியின் ஸ்டாட் 2, ஸ்டிங் இரண்டையும் இந்த வைரஸால் அசைக்க முடிவதில்லை. சாதாரண எலியிடம் டெங்கு எளிதில் பலிக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டெங்கு வந்தவருக்குக் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தக்கசிவு என்றால் தாமதிக்காமல் புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ, அருகில் உள்ள மருத்துவமனைக்கோ செல்லுங்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன் மாத்திரைகளை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். ஆட்டுக்கல் தண்ணீரை இன்றே இறைத்துக் கொட்டிவிடுங்கள்.