இலை காணும் வெளிச்சம்

நம் கல்லூரிப் பழைய மாணவருட் பலர் இன்று இலண்டன், ரொறன்ரோ முதலிய குளிர்நகரங்களில் வாழ்கின்றனர். அவர்தம் இல்லங்களிற் சாளரத்தருகே தொட்டியொன்றிற் கறிவேப்பிலைக் கன்று நிற்பதுண்டு. மார்கழி வந்ததும் அது இலையுதிர்த்து வாடும். குளிரே காரணமென்பர். வெப்பமூட்டிய அறையிலும் வாடுகின்றதே. அதற்குக் காரணம் ஒளிக்குறைவு. மார்கழியில் யாழ்ப்பாணத்துப் பகல் ஏறத்தாழப் பதினொன்றரை மணி நேரம். ரொறன்ரோவில் ஒன்பது மணிக்கும், இலண்டனில் எட்டு மணிக்கும் குறைவு. வாடுகின்றதென்று நீரை மிகுதியாக ஊற்றுவோர் வேரையும் அழுகச் செய்கின்றனர்.

ஆகவே விளக்கு வேண்டும். எவ்விளக்கு என்பதிலேதான் பலர் பொருளிழக்கின்றனர். விற்போர் உவாற்றுக் கணக்கும் இலுமன் கணக்கும் கூறுவர். உவாற்று, விளக்கு உண்ணும் மின்னின் அளவேயன்றித் தரும் ஒளியின் அளவன்று. பழைய இழைமின்குமிழ், பெற்ற மின்னில் நூற்றுக்கு ஐந்து பங்களவே கட்புலனாகும் ஒளியாக்கி, எஞ்சியதைப் பெரும்பாலும் வெப்பமாகக் கழித்தது. இலுமனோ மனிதக் கண்ணுக்கென வகுத்த அளவு. நம் கண் 555 நனோமீற்றர் அளவிலான பச்சை ஒளியையே மிகக் கூர்மையாக உணரும். இலையோ 400 முதல் 700 வரையுள்ள ஒளி முழுவதையும் பயன்கொள்ளும். எனவே, ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனில் எத்தனை மைக்குரோமோல் ஒளித்துணிக்கைகள் விழுகின்றன என்று கேட்டலே முறை. தெளிந்த நண்பகல் வெயிலில் அது 2000 அளவு. இரவில் விளக்கேற்றிய நம் கூடத்தில் 20ஐயும் எட்டாது. கண்ணுக்கு அக்கூடம் பிரகாசமாகவே தோன்றும். கன்றுக்கு அது இருட்டு.

நிறத்தைப் பற்றியும் ஒரு மயக்கமுண்டு. 1882 இல் எங்கெல்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர், நிறமாலையைப் பாசியிழைமீது வீழ்த்தி, ஒட்சிசனை நாடும் பற்றீரியங்கள் செந்நிறமும் நீலமும் விழுந்த இடங்களிலே திரளக் கண்டார். ஊதா விளக்குகள் கடைகளில் மலிந்தமைக்கு அடிப்படை இவ்வுண்மையே. ஆயின், 1972 இல் மக்ரீ என்பார் இருபத்திரண்டு பயிர்களின் இலைகளை ஆராய்ந்து, பச்சை ஒளியும் ஒளித்தொகுப்புக்குக் கணிசமாக உதவுமெனக் காட்டினார். வீட்டுக்கு வெண்ணிற எல்.ஈ.டி. விளக்கே சிறந்ததென்பது என் கருத்து. ஊதா வெளிச்சத்தில் இலை பழுப்பதையோ பூச்சி பிடிப்பதையோ காண்பது அரிது.

இனித் தூரம். சிறிய விளக்கொன்றை இருமடங்கு உயர்த்தினால் ஒளி நான்கிலொன்றாகும். முகட்டில் தொங்கும் விளக்காற் பயனில்லை. நேரமும் கணக்கிற் சேரும். இலையில் 200 மைக்குரோமோல் வீதம் பதினான்கு மணி நேரம் விழுந்தால் நாளொன்றுக்குப் பத்து மோல். சலாது இலைக்கு 12 மோலளவு வேண்டும். தக்காளி நன்கு காய்க்க 20க்கு மேல் வேண்டும். அதற்காக இரவு முழுதும் எரித்தலும் தகாது. ஓயாத ஒளியில் தக்காளியின் இலை மஞ்சளித்துக் கெடும். நேரங்காட்டி ஆளியொன்றை இணைத்துவிட்டாற் போதும்.

வேனில் வந்து இரவுக்குளிர் நீங்கியபின் கன்றை வெளியே எடுப்போர், முதற் சில நாள் நிழலில் வைத்துப் பழக்குக. விளக்கொளியில் வளர்ந்த இலை நேர்வெயிலிற் கருகிவிடும்.