சீஸனுக்கு ரிசர்வேஷன் கிடையாது!

ஜூன் பிறந்துவிட்டால் நம் ஆபீஸ்களில் உள்ளவர்களின் பாட்டிகளுக்கெல்லாம் ஒரே சமயத்தில் உடம்பு சரியில்லாமல் போகும். கவனித்திருக்கிறீர்களோ? அதுவும் அந்தப் பாட்டிகள் எல்லாம் தென்காசிக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பத்து கிலோமீட்டருக்குள்தான் குடியிருப்பார்கள். மேனேஜரும் லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பாட்டியை விசாரிச்சதா சொல்லு... வரும்போது மங்குஸ்தான் ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்துடு" என்பார். அவருக்குத் தெரியாதா என்ன? அவரும் ஒரு காலத்தில் பேரனாக இருந்தவர்தானே!

குற்றாலம் சீஸன் சார்!

ஆனால் இந்த சீஸனுக்குக் கிளம்புவதில் ஒரு பெரிய சிக்கல். ரயிலில் இப்போதெல்லாம் அறுபது நாளைக்கு முன்னால் ரிசர்வேஷன். (2024 நவம்பருக்கு முன்பு 120 நாள்.) ஜூன் 20-ம் தேதி பொதிகையில் பெர்த் வேண்டுமென்றால் ஏப்ரல் 21-ம் தேதியே முடிவு பண்ண வேண்டும். அதாவது, உச்சி வெயிலில் மண்டை காய்ந்துகொண்டிருக்கும்போது, அறுபதாவது நாள் அருவியில் தண்ணீர் கொட்டும் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். வானிலை இலாகாவே அந்தத் துணிச்சலுக்கு வராது.

கேரளாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு அவர்கள் வைத்திருக்கும் வழக்கமான தேதி ஜூன் 1. நம்ம ஆள் எப்படி வந்தார் பாருங்கள். 2023-ல் ஜூன் 8. 2024-ல் மே 30. 2025-ல் மே 24. இந்த மாதிரி ஆபீஸுக்கு வந்தால் உங்களுக்கும் எனக்கும் மெமோதான். பருவமழைக்கு மெமோ கொடுக்க யாருக்கு தைரியம் இருக்கிறது? அதுவும் கேரளாவில் மழை தொடங்கிவிட்டதாலேயே குற்றாலத்தில் தண்ணீர் விழுந்துவிடும் என்பதில்லை. அங்கே நாலு நாள் கொட்டிவிட்டு, இங்கே வரும்போது காற்று வாங்கிக்கொண்டு நிற்கும்.

ஏன் அப்படி? கொஞ்சம் பூகோளம் பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

தென்மேற்கிலிருந்து வரும் மேகத்தை மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நின்று தடுக்கிறது. அதனால் மழையெல்லாம் கேரளாவுக்கு, வெறும் காற்று நமக்கு என்பதுதான் பொதுவான பங்கீடு. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு பக்கம் மலைச் சுவரில் ஒரு கணவாய் இருக்கிறது. ரயில்கூட அந்த வழியாகத்தான் புனலூர் போகிறது. அந்த இடைவெளியில் நுழைந்து வரும் ஈரக்காற்றுதான் தென்காசி வட்டாரத்துக்கு சாரலைக் கொண்டு வருகிறது. மழை என்று சொல்ல முடியாது. குடை பிடித்தால் வெட்கமாக இருக்கும், பிடிக்காவிட்டால் சட்டை நனையும். அந்தப் பதத்தில் ஒரு தூறல். வெயில் அடித்துக்கொண்டே தூறும். தூறிக்கொண்டே காற்றடிக்கும். தென்காசி காசி விசுவநாதர் கோயில் வாசலில் போய் நின்று பாருங்கள். அந்தக் கோபுர வாசலில் வரும் காற்றுக்கு வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

கீழே சாரல், மேலே மலை உச்சியில் சரியான மழை. அதுதான் சிற்றாறாகத் திரண்டு, தேனருவி, செண்பகாதேவி அருவி என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் நாம் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும் பேரருவியாக விழுகிறது.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது இப்படித்தான் புரிகிறது. டெபாசிட் மலை மேலே. வித்டிராயல் கீழே. பாஸ்புக் மட்டும் நம் கையில் இல்லை. மேலே எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பது கீழே நிற்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. கீழே பளிச்சென்று வெயிலடிக்கும். மேலே பிய்த்துக்கொண்டு ஊற்றிக்கொண்டிருக்கும். குற்றாலத்தின் சந்தோஷம், ஆபத்து ரெண்டுமே இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

உள்ளூர்க்காரர்கள் பாஸ்புக் இல்லாமலே பாலன்ஸ் சொல்லுவார்கள். ஐந்தருவி ரோட்டில் ஒரு டீக்கடைப் பெரியவரிடம், "அண்ணாச்சி, நாளைக்குத் தண்ணி விழுமா?" என்று கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே மேற்கே தாடையால் காட்டினார்.

"மலை தெரியுதா?"

"தெரியுதே."

"தெரியக்கூடாதுல்லா! மலை முச்சூடும் மறைஞ்சிருக்கணும். அப்பதான் மேல பெய்யுதுன்னு அர்த்தம். எங்க இருந்து வாரிய?"

"மெட்ராஸ்."

"எத்தனை நாளு?"

"ரெண்டு நாள் அண்ணாச்சி."

"ரெண்டு நாளா?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சீஸன்னா ஒரு வாரமாவது கெடக்கணும்யா. கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி தலையைக் காட்டிட்டு ஓடினா எப்படி?"

நியாயம்தான். ஆனால் ஒரு வாரம் கிடப்பதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ரசிகமணி டி.கே.சி. கொடுத்து வைத்தவர். குற்றாலத்திலேயே வீட்டைப் போட்டுத் தங்கி, அருவியும் கம்பனுமாகக் காலம் தள்ளினார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக்கொண்டு வந்தார்கள். 1954-ல் மறைந்தார் டி.கே.சி. நமக்கு அமைந்ததெல்லாம் இரண்டு நாள் சி.எல்., ஒரு ஞாயிற்றுக்கிழமை.

தங்குமிடம் விஷயத்துக்கு வருகிறேன். சீஸனில் அறை வாடகைக்கும் அருவிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தண்ணீர் ஏறினால் வாடகை ஏறும். தண்ணீர் இறங்கினால்... வாடகை அப்படியே நிற்கும். சனி, ஞாயிறு பக்கம் போகவே போகாதீர்கள். செவ்வாய், புதன் போனால் அறையும் கிடைக்கும், அருவியில் முதுகைக் காட்ட இடமும் கிடைக்கும். தென்காசியில் தங்கிக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தாலும் மோசமில்லை, ஐந்து கிலோமீட்டர்தான்.

இனி அருவி. சும்மா சொல்லக் கூடாது, முதல் தடவை பேரருவிக்குள் தலையைக் கொடுக்கும்போது இன்கிரிமெண்ட், வீட்டு லோன், எதிர் சீட்டுக்காரன் எல்லாம் மறந்துபோகும். மூச்சு விடுவதே மறந்துபோகும், மற்றதென்ன! இவ்வளவு பெரிய அருவியில் மனுஷன் எப்படி நின்று குளிக்க முடிகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தண்ணீர் நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவழியில் பாறையில் 'பொங்குமாங்கடல்' என்று ஒரு பள்ளம். அருவி முதலில் அதில் விழுந்து, கொதிப்பது போலப் பொங்கி, வேகம் குறைந்து, அப்புறம்தான் வழிந்து நம்மிடம் வருகிறது. கோபமாக வந்த ஆபீஸரை வாசலிலேயே உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்பும் பி.ஏ. மாதிரி. அந்தப் பள்ளம் மட்டும் இல்லையென்றால் பேரருவியைத் தூர இருந்து படம் பிடிக்கத்தான் முடியும்.

உள்ளே போனதும் முகத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்க்கிற வேலை வேண்டாம். தண்ணீரோடு கல்லும் வரும். முதுகைக் கொடுங்கள், தோளைக் கொடுங்கள். கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடி, மோதிரம், செயின் எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் மூன்றும் அருவியில் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014-ல் உத்தரவு போட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் பாறை மேல் குப்புறப் படுத்து எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, அப்படியே வழுக்கிக்கொண்டு அருவிக்குப் போவார்கள். அந்தச் சுகம் போச்சே என்று சில பெருசுகளுக்கு வருத்தம். எனக்கில்லை. எவனோ தேய்த்த எண்ணெயில் நான் ஏன் வழுக்க வேண்டும்?

இந்த இடத்தில்தான் நம் இளைஞர் பட்டாளத்தோடு ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது.

இரண்டு மாதம் முன்னால் டிக்கெட், ஐந்து பேர், ஐந்து விதமான பொய், ஒரு ராத்திரிப் பிரயாணம். இத்தனையும் தாண்டிப் போய் இறங்கினால், 'குளிக்கத் தடை' என்று கயிறு கட்டியிருக்கும். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். வயிறு எரியத்தான் செய்யும். அப்படி ஒரு நாள், பேரருவி முன்னால் ஒரு கோஷ்டி கான்ஸ்டபிளிடம் மன்றாடிக்கொண்டிருந்தது.

"சார், அஞ்சே நிமிஷம் சார். மெட்ராஸ்லேருந்து வர்றோம் சார்."

அவர் நிதானமாகச் சொன்னார்: "தண்ணி மேல இருந்து வருது தம்பி. அதுகிட்ட நீங்க எங்க இருந்து வாரியன்னு நான் சொல்ல முடியாதுல்லா?"

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னதில் சிரிக்க ஒன்றுமில்லை.

2024 மே 17. கேரளாவில் பருவமழை தொடங்கவே இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. சீஸன் என்று யாரும் சொல்லாத நாள். கோடை மழைக்கு விழுந்த தண்ணீரில் பழைய குற்றாலத்தில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி அடித்துக்கொண்டு ஓடினார்கள். திருநெல்வேலியைச் சேர்ந்த பதினேழு வயதுப் பையன் ஒருவனைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. குடும்பத்தோடு குளிக்க வந்தவன். அந்த வீடியோவை நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். ஒரு நிமிஷம் முன்னால் வரை அது சாதாரணக் குளியல்தான்.

சரிவான மலை, சுருக்கமான தூரம், வெறும் பாறை. மேலே விழுந்த மழை மண்ணில் ஊறி, யோசித்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வருகிற ஊர் இது இல்லை. பெய்த சூட்டோடு இறங்கிவிடும்.

அதற்குச் சில அடையாளங்கள் உண்டு என்கிறார்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். வெள்ளையாக விழுந்த தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறத்துக்கு மாறும். இலை, சுள்ளி, சருகு வர ஆரம்பிக்கும். சத்தம் தடிக்கும். இதில் எதைப் பார்த்தாலும், 'இன்னும் ஒரு முங்கு' என்று நினைக்காமல் வெளியே வந்துவிட வேண்டும். விசில் ஊதினால் கேட்கவே வேண்டாம். ஊதுகிறவர் நம்மோடு வம்புக்கு நிற்கவில்லை. மேலே பெய்வது பற்றி அவருக்கு ஒரு தகவல் வந்திருக்கும், நமக்கு வந்திருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

'உள்ளே' கொஞ்சம் தண்ணி போட்டுக்கொண்டு 'வெளியே' தண்ணிக்குப் போகிற தம்பிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்: ஈரப் பாறையில் தெளிவாக இருப்பவனே நடக்க முடியாமல் நடக்கிறான். அருவிக்கு மேலே ஏறிப்போய் செல்ஃபி எடுப்பது, தடை போட்ட செண்பகாதேவிப் பக்கம் காட்டு வழியில் நுழைவது, இதெல்லாம் வீரத்தில் சேராது. ஆபீஸில் மேனேஜர் கேபினுக்குள் கதவைத் தட்டாமல் நுழைய தைரியம் இருக்கிறதா முதலில்?

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில் இன்னொரு ரவுண்டு தண்ணீர் வரும். ஐயப்ப சாமிகள் கூட்டம் நெரியும். அப்போதும் இதே கதைதான். இன்னும் கொஞ்சம் உக்கிரமாக.

சரி, தடை போட்டுவிட்டார்கள், என்ன செய்வது? அறையில் சீட்டாடுவதற்கா வந்தோம்? குற்றாலநாதர் கோயிலுக்குப் போங்கள். சங்கு வடிவத்தில் கட்டிய கோயில். பக்கத்திலேயே சித்திர சபை. நடராஜர் ஆடிய ஐந்து சபைகளில் ஒன்று, உள்ளே சுவரெல்லாம் ஓவியம். இந்த ஊரை வைத்துத்தான் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடினார். அதில் குரங்குகளுக்குக்கூட ரொம்ப மரியாதை. அதன் வாரிசுகள் இப்போது உங்கள் சிப்ஸ் பாக்கெட்டைப் பறித்துக்கொண்டு கூரை மேல் உட்கார்ந்திருக்கும். கோபிக்காதீர்கள். இலக்கியத்தில் இடம்பிடித்த குடும்பம்.

சாயங்காலம் செங்கோட்டை ரோட்டில் பிரானூர் பக்கம் போனால் 'பார்டர் புரோட்டா'. என்ன பார்டர் என்று பலருக்குத் தெரியாது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை மலையாள ராஜ்யத்தோடு இருந்தது. எல்லை இந்தப் பக்கம்தான். அப்புறம் மாநிலங்களைப் பிரித்ததில் செங்கோட்டை நம் பக்கம் வந்தது. எல்லைக்கோடு மலைக்குப் போனது. பெயர் மட்டும் புரோட்டாவோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சின்னச் சின்னதாக, மொறுமொறுவென்று, பொரித்த கோழியோடு வரும். ஏழெட்டு சாப்பிட்ட பிறகுதான் எண்ண ஆரம்பிக்கத் தோன்றும்.

மங்குஸ்தான், ரம்புட்டான் வாங்கும்போது பேரம் பேசுங்கள். மங்குஸ்தானை அமுக்கிப் பார்த்து, கல் மாதிரி இருந்தால் வாங்காதீர்கள், உள்ளே கெட்டிருக்கும். மேனேஜருக்கு என்றால் உங்கள் இஷ்டம்.

கடைசியாக ஒன்று. அந்தச் சாரலில் துண்டு காயவே காயாது. மூன்று நாள் ஆனாலும் ஈரமாகத்தான் இருக்கும். கூடுதலாக ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று போனவர், திங்கள்கிழமை காலை ஈரப் பையும் மங்குஸ்தானுமாக நேராக ஆபீஸில் வந்து நிற்க வேண்டியிருக்கும்.