பேசிக்கொண்டிருக்கும்போதே தவறும் நாடி

கோயில் நந்தவனம், வாய்க்கால் கரை, கொல்லை வேலி என்று தஞ்சைப் பக்கம் பொன்னரளி இல்லாத ஊர் இல்லை. அதன் விதை விஷம் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த விஷம் இதயத்தை எப்போது பிடிக்கும் என்பதுதான் பெரியவர்களுக்கும் தெரியவில்லை.

வாந்தி எடுத்து ஓய்ந்தவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதும்மா" என்பார். அம்மா முகத்தில் உயிர் வரும். "நல்லாத்தானே இருக்கான், அழைச்சிட்டுப் போயிடலாம்" என்பார் தாய்மாமன். அதே நேரத்தில் இசிஜி தாளில் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டிருக்கும். மேலறையில் எழும் மின்துடிப்பு கீழறைக்குப் போய்ச் சேராது. நாடி 40-க்கும் கீழே இறங்கும்.

இதய நோய்க்குத் தரும் டிகாக்ஸின் மாத்திரைக்கு உறவான நச்சு இது. ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். அதை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும் தருவார்கள். நாடியைத் தூக்க அட்ரோபின் ஊசி. அதற்கும் மசியாவிட்டால் ரத்தக்குழாய் வழியே கம்பி செலுத்தி, தற்காலிக பேஸ்மேக்கர்.

விஷமுறிவு மருந்தும் உண்டு. செம்மறியாட்டின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. இலங்கையில் 66 பேரிடம் நடந்த ஆய்வு 2000-இல் லான்செட் இதழில் வந்தது. மருந்து பெற்ற 34 பேரில் 15 பேருக்கு இரண்டே மணி நேரத்தில் துடிப்பு முழுமையாகச் சீரானது. பெறாத 32 பேரில் இருவருக்குத்தான். பின்னர் விலை கட்டுப்படியாகாமல் மருந்து கிடைக்காமல் போனது, சாவு கூடியது. 2003-இல் அதே இதழ் அதையும் பதிவு செய்தது. பாம்புக்கடி மருந்தைப் போல இதுவும் நம் மாவட்ட மருத்துவமனைகளில் இருக்க வேண்டாமா?

அரளியை வெட்டி எறிந்தால் போதும் என்பவர்களும் உண்டு. என் கவலை, கைவிட்டுப் போகும் மணி நேரங்களைப் பற்றியது. புளிக்கரைசல், உப்புத்தண்ணீர் என்று வீட்டில் ஒரு மணி, வண்டி தேடுவதில் ஒரு மணி. எல்லாம் தாண்டி மருத்துவமனை சேர்ந்தவரை, தெளிந்துவிட்டார் என்று மறுநாளே கையெழுத்துப் போட்டு அழைத்துவருகிறோம். துடிப்பு தவறுவது இரண்டாம் நாளிலும் வரலாம்.

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மருத்துவர் அனுப்பும்வரை கட்டிலை விட்டு இறக்காதீர்கள். வீடு திரும்பிய பிறகு திட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். மனம் தாங்காதவர்களுக்கு 104, 14416 எண்களில் எந்நேரமும் ஆள் இருக்கிறார்கள்.