அகலத்திரை

சுவரில் மாட்டப்பெற்ற ஓவியம் ஒன்றைக் காண்போர் ஓவியன் தீட்டிய உருவங்களையே நோக்குவர்; அவற்றைச் சூழ்ந்து நிற்கும் சட்டத்தை நோக்குவோர் அரியர். ஆயினும், எதனைக் காட்டுவது, எதனை விடுப்பது என்று வரையறுப்பது அச்சட்டமே. தொலைக்காட்சித் திரையும் அத்தகையதொரு சட்டமாகும். அரை நூற்றாண்டுக்குமேல் ஒரே வடிவில் நிலைபெற்றிருந்த அச்சட்டம், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அகலத் தொடங்கிற்று. அம்மாற்றம் நிகழ்ந்தவாறும், அதனால் விளைந்த இடர்ப்பாடுகளும், அவை நீக்கப்பெற்ற முறையும் அறியத்தக்கன.

தொலைக்காட்சித் திரையின் வடிவம் திரைப்படத்தினின்றும் வந்ததாகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றிய டிக்சன் என்பார், 35 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருளைக் கையாண்டார். சுருளின் இருமருங்கும் துளைகள் இடப்பெற்றன. நான்கு துளைகள் அடங்கிய உயரம் ஒவ்வொரு படத்திற்கும் ஒதுக்கப்பெற்றது. அங்ஙனம் அமைந்த படத்தின் அகலம் நான்கு பங்காயின், உயரம் மூன்று பங்காயிற்று. இதனை 4:3 என்னும் விகிதம் என்பர். இலண்டன் மாநகரிலிருந்து பி.பி.சி. நிறுவனம் 1936ஆம் ஆண்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, அதன் படம் 5:4 என்னும் விகிதத்தில், சதுரத்தை ஒட்டியதாக இருந்தது. 1950ஆம் ஆண்டில் அதுவும் 4:3 என்னும் விகிதத்திற்கு மாறிற்று.

வீட்டிலிருந்தபடியே படம் காணும் வாய்ப்பு மக்களுக்குக் கிட்டவே, திரையரங்குகளை நாடுவோர் தொகை குறைந்தது. வீட்டுப் பெட்டியால் தர இயலாததொன்றைத் தாம் தருதல் வேண்டும் எனப் படத்தொழிலார் கருதினர். அதன் பயனாக, 1953ஆம் ஆண்டில் 'தி ரோப்' என்னும் திரைப்படம் சினிமாஸ்கோப் முறையில் வெளிவந்தது. அதன் திரை உயரத்தைக் காட்டிலும் இரண்டரை மடங்கு அகன்றிருந்தது. அதன்பின் திரைப்படங்கள் பலவேறு அகலங்களில் எடுக்கப்பெற்றன. அவற்றைத் தொலைக்காட்சியிற் காட்டும்போது ஓரங்களை வெட்டியெறிய வேண்டியதாயிற்று. இன்றேல் மேலும் கீழும் கரும்பட்டைகள் விட வேண்டியதாயிற்று.

புதிய தொலைக்காட்சிக்கு ஏற்ற வடிவம் யாது என்னும் ஆராய்ச்சி 1980ஆம் ஆண்டையடுத்து நடைபெற்றது. அமெரிக்கப் பொறியியலறிஞராகிய கெர்ன்ஸ் பவர்ஸ் என்பார் எளியதோர் உத்தியைக் கையாண்டார். வழக்கிலிருந்த பலவகைத் திரைவடிவங்களையும் ஒரே பரப்பளவுள்ள நீள்சதுரங்களாக அமைத்து, அவற்றின் நடுப்புள்ளிகள் பொருந்துமாறு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோக்கினார். அனைத்தையும் தன்னுள் அடக்கும் வெளிச்சட்டமும், அனைத்திற்கும் பொதுவாகிய உட்சட்டமும் ஒரே விகிதத்தில் அமைந்திருத்தலைக் கண்டார். அவ்விகிதம் ஏறத்தாழ 16:9 ஆகும். 4ஐ 4ஆற் பெருக்க 16 வரும். 3ஐ 3ஆற் பெருக்க 9 வரும். மீண்டும் ஒருமுறை அவ்வாறே பெருக்கின் 64:27 என்றாகும். இஃது அகன்ற திரைப்படங்களின் விகிதத்திற்கு மிகவும் அணித்தானது. எனவே, 16:9 என்பது பழந்தொலைக்காட்சிக்கும் அகன்ற திரைப்படத்திற்கும் இடைப்பட்ட நடுநிலை வடிவமாயிற்று.

வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல் எளிது, நடைமுறைப்படுத்தலே அரிது. ஒரு நாட்டு மக்கள் அனைவரும் ஒரே நாளில் புதிய பெட்டி வாங்குதல் இயலாது. செல்வர் முன்னே வாங்குவர். ஏனையோர் பழைய பெட்டி பழுதாகும்வரை காத்திருப்பர். அகன்ற படத்தின் இரு ஓரங்களையும் வெட்டிப் பழைய திரையை நிரப்பினால், படத்திற் கால்பங்கு மறைந்துபோகும். ஓரத்தில் நின்று பேசுவோரின் குரல் கேட்குமேயன்றி முகம் காணப்படாது. முழுப்படத்தையும் சுருக்கிக் காட்டினாலோ, திரையிற் கால்பங்கு கரும்பட்டையாய் வீணாகும்.

பிரிட்டனில் 1998ஆம் ஆண்டில் இலக்கமுறை ஒளிபரப்பு தொடங்கியபோது, பி.பி.சி. நிறுவனம் இச்சிக்கலுக்கு ஒரு நடுவழி கண்டது. புதிய பெட்டியுடையோர்க்கு 16:9 என்னும் முழுப்படம் கிடைத்தது. பழைய முறையிற் காண்போர்க்கு அதனை 14:9 ஆகக் குறுக்கி அனுப்பினர். இரு ஓரங்களிலும் பதினாறில் ஒரு பங்கே வெட்டுண்டது. திரையில் ஏழில் ஒரு பங்கே கரும்பட்டையாயிற்று. படக்கருவியாளரும் முதன்மையான நிகழ்ச்சியைப் படத்தின் நடுப்பகுதியில் அமைக்கப் பழகினர். பெயர்களும் விளையாட்டு எண்ணிக்கைகளும் ஓரங்களினின்று உட்புறமாக எழுதப்பெற்றன. பழைய முறை ஒளிபரப்பு 2012ஆம் ஆண்டில் அந்நாட்டில் முற்றும் நிறுத்தப்பெற்றது. பதினான்கு ஆண்டுகள் இருவகைத் திரையினரும் ஒரே நிகழ்ச்சியைக் கண்டு வந்தனர்.

இம்மாற்றத்தில் பிறிதொரு நுட்பமும் உண்டு. வரிசைக்கு 720 புள்ளிகளாக 576 வரிசைகள் என்பதே அந்நாட்டு இலக்கமுறைப் படத்தின் அளவு. அகன்ற படத்திற்கென்று புள்ளிகள் கூட்டப்பெறவில்லை. படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி அதே அளவினுள் அடக்கி அனுப்பினர். பெட்டி அதனைப் பெற்று மீண்டும் விரித்துக் காட்டிற்று. விரிக்கவேண்டிய படம் இஃது என்று பெட்டிக்கு உணர்த்தும் குறிப்பும் உடன் அனுப்பப்பெற்றது. அக்குறிப்புத் தவறினாலோ, பெட்டியின் அமைப்புப் பிழைபட்டாலோ, மாந்தர் யாவரும் நெட்டையராகவோ பருத்தவராகவோ தோன்றினர்.

புதிய படத்தைப் பழைய திரையிற் காட்டும் சிக்கல் பழைய பெட்டிகளோடு ஒழிந்தது. பழைய படத்தைப் புதிய திரையிற் காட்டும் சிக்கலோ இன்றும் உளது. 1953ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இரண்டாம் எலிசபெத்து அரசியார் முடிசூடிய காட்சியைப் பிரிட்டனில் இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் தொலைக்காட்சியிற் கண்டனர். அப்படம் 4:3 விகிதத்தில் அமைந்தது. அதனை அகலத்திரை நிறைய இழுத்தால், ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருக்கும், வட்டம் நீள்வட்டமாகும். மேலும் கீழும் வெட்டினால், உயர்ந்த வளைவுகளும் தரையிற் புரளும் அங்கியும் மறையும். இருபுறமும் கரும்பட்டை விட்டு உள்ளவாறே காட்டினால், திரை நிரம்பாது. ஆயின், காட்சி பொய்யாகாது. திரை நிரம்பவில்லை என்று குறைகூறுவோர், வரலாற்றுச் சான்று ஒன்றன் ஒரு பகுதியை இழக்கத் தாம் உடன்படுவதை எண்ணுதல் வேண்டும்.

அகலத்திரையின் வரலாறு இரண்டு உண்மைகளை விளக்குகின்றது. புதுமையைக் கொணர்வோர், அதனை உடனே ஏற்க இயலாதவரையும் உளங்கொண்டு படிப்படியாக மாற்றுதல் வேண்டும். முன்னோர் விட்டுச்சென்றதைக் காண்போர், தம் காலத்து அளவிற்கேற்ப அதனை இழுத்தலும் வெட்டலும் செய்யாது, அதற்குரிய சட்டத்தினுள் வைத்தே காணுதல் வேண்டும்.