பேஜ்மேக்கர் குடியிருக்கும் பொய் டிஸ்க்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் பூஜை போட்டு, வரப்போகும் ஆண்டின் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அன்று தொடங்கும் ஓட்டம் மார்கழி முடியும் வரை ஓயாது. நடுவில் தீபாவளி வேறு வந்துவிடும். பட்டாசு லேபிள், கிஃப்ட் பாக்ஸ் அட்டை, விலைப்பட்டியல், தினசரி காலண்டர் தாள், டைரி, கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால் வேர்விட்ட அச்சுத்தொழில், பிறகு அந்த இரண்டையும் நம்பியிராமல் தனியாகவே வளர்ந்துவிட்டது.

பெரிய ஆப்செட் அச்சகங்களில் டிசைனுக்கென்று தனிப் பிரிவே இருக்கும். சின்ன வேலைகள் நடப்பது வேறு இடத்தில். வீட்டு முன்னறை, ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் லேசர் பிரின்டர். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் தெருக்களில் ‘டிடிபி’ என்று சின்னப் பலகை தொங்கும் வீடுகள் இவை. அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால், உலகம் எப்போதோ மறந்துவிட்ட ஒரு சாஃப்ட்வேர் இன்னமும் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். பேஜ்மேக்கர் 7.0. அடோபி நிறுவனம் 2001இல் வெளியிட்டது. 2004லேயே அதை மேற்கொண்டு வளர்ப்பதை நிறுத்திவிட்டது.

இதைக் கேட்டுச் சென்னையில் இருக்கும் டிசைனர்கள் சிரிக்கலாம். ஆனால் பேஜ்மேக்கரை விடாமல் வைத்திருப்பது பழைமைப் பிடிவாதத்தால் அல்ல. வாடிக்கையாளர் வாசலில் நின்றுகொண்டே, “அண்ணாச்சி, போன வருச லேபிளையே எடுத்து ரேட்டை மட்டும் மாத்திக் குடுத்துருங்க” என்பார். போன வருடத்து லேபிள் அதற்கு முந்தைய வருடத்தின் திருத்தம். அதுவும் அதற்கு முந்தையதன் திருத்தம். இப்படி இருபது வருட வேலை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் பேஜ்மேக்கர் ஃபைல்கள். எழுத்துகளோ யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபாண்டுகள். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணில் தமிழ் எழுத்தின் வடிவத்தை உட்கார வைத்த ஏற்பாடு அது. அந்த ஃபாண்டு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ‘அ’ இருந்த இடத்தில் ஏதோ ஒரு குறி பல்லிளிக்கும். தமிழக அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது உண்மைதான். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது என்பதும் உண்மை.

பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் மதர்போர்டு போய்ப் படுத்துவிடுகிறது. கடையில் கிடைப்பது விண்டோஸ் 11. அதில் பேஜ்மேக்கரை எப்படியோ நிறுவினாலும் ஃபாண்டு சாஃப்ட்வேர், பிரின்டர் டிரைவர், ஃபாண்டு சாஃப்ட்வேருக்காகச் செருகும் யூஎஸ்பி லாக் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக முரண்டு பிடிக்கும். இந்த இடத்தில்தான் விர்ச்சுவல் ஹார்டு டிஸ்க் கைகொடுக்கிறது.

விஷயம் எளிது. புதிய கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் ஒரு பெரிய ஃபைல். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற சாஃப்ட்வேர் அந்த ஃபைலை ஒரு முழு ஹார்டு டிஸ்க் என்று காட்டி, அதற்கேற்ற பொய்க் கம்ப்யூட்டர் ஒன்றையும் ஜோடிக்கும். அதற்குள் விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவினால், தான் இருப்பது 2026இன் இயந்திரத்தில் என்பது எக்ஸ்பிக்குத் தெரியாது. இந்த யோசனை ஒன்றும் நேற்றுப் பிறந்ததல்ல. ஐபிஎம்மின் பெரிய இயந்திரங்களில் 1970களிலேயே ஒரே டிஸ்க்கைத் துண்டு போட்டு, ஆளுக்கொன்றாகத் தனி டிஸ்க் போலக் காட்டினார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் ‘விஎச்டி’ என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம். அதன் விர்ச்சுவல் பிசி தொழில்நுட்பத்தை மைக்ரோசாஃப்ட் 2003இல் வாங்கியது. விண்டோஸ் 7இல் விஎச்டி ஃபைலைத் தனி டிரைவாக இணைக்க முடிந்தது. விண்டோஸ் 8 முதல் அதற்கு டபுள் கிளிக் போதும். விஎச்டியின் உச்சவரம்பு 2 டெராபைட். பின்னால் வந்த விஎச்டிஎக்ஸ் 64 டெராபைட் வரை தாங்கும். பேஜ்மேக்கருக்கு 20 ஜிபியே அதிகம்.

விர்ச்சுவல்பாக்ஸ் தானாக ‘விடிஐ’ என்ற தன் சொந்த வடிவத்தைத்தான் முன்னால் நீட்டும். நான் விஎச்டியைத்தான் தேர்ந்தெடுப்பேன். எக்ஸ்பி கிளம்ப மறுக்கும் நாளில்கூட, விண்டோஸிலேயே அந்த ஃபைலை டிரைவாகத் திறந்து உள்ளிருக்கும் லேபிளை எடுத்துவிடலாம். ஆனால் அப்படித் திறக்கும்போது ‘ரீட்-ஒன்லி’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கை அப்படியே விஎச்டியாக மாற்றவும் வழி உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் டிஸ்க்-டு-விஎச்டி என்று ஒரு சின்ன இலவசக் கருவி இருக்கிறது. பழைய டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேபிளில் புதிய கம்ப்யூட்டரோடு இணைத்து ஓட்டினால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. எக்ஸ்பியைக் கிளப்பினால் பெரும்பாலும் நீலத் திரையில் 7பி என்ற பிழை எண் வந்து நிற்கும். டிஸ்க் கன்ட்ரோலர் மாறிவிட்டதால் எக்ஸ்பியால் தன் டிஸ்க்கை எட்ட முடியவில்லை என்று அர்த்தம். விர்ச்சுவல்பாக்ஸில் டிஸ்க்கைச் சாட்டாவிலிருந்து கழற்றி ஐடிஇயில் மாட்டினால் பல சமயம் வழிக்கு வரும். இல்லையென்றால் புதிதாக நிறுவுவதே மேல். கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்த எக்ஸ்பி லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமே உரியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. எனவே பொய்க் கம்ப்யூட்டரின் அமைப்பில் நெட்வொர்க் கார்டை அணைத்துவிட வேண்டும். 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது பரவியது திருத்தம் போடாத விண்டோஸ்களின் வழியாகத்தான். லேபிளில் விலை மாற்ற இன்டர்நெட் எதற்கு?

இதுவரை எல்லாம் சுகம். முழுக் கம்ப்யூட்டரும் ஒரு ஃபைலுக்குள் அடங்கிவிட்டது. சங்கடமும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது.

பட்டாசுத் தொழிற்சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது ஒரே பெரிய கட்டடமாக இருக்காது. சின்னச் சின்ன அறைகள், நடுவில் வெற்று இடம். ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று வெடிமருந்து விதிகள் கணக்கு வைத்திருக்கின்றன. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குப் போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்த ஊரில் வாழ்ந்துகொண்டே இருபது வருட லேபிளையும் ஃபாண்டையும் விண்டோஸையும் ஒரே ஃபைலில் அடைத்து, அந்த ஃபைலையும் ஒரே டிஸ்க்கில் வைத்திருக்கிறோம்.

ஆகவே முதல் வேலை, வேலைகளை வெளியே எடுப்பது. எக்ஸ்பிக்குள் விண்டோஸ், பேஜ்மேக்கர், ஃபாண்டுகள் மட்டும் இருக்கட்டும். லேபிள் ஃபைல்கள் புதிய கம்ப்யூட்டரில் சாதாரண ஃபோல்டர் ஒன்றில் இருக்கட்டும். அதை விர்ச்சுவல்பாக்ஸின் ‘ஷேர்டு ஃபோல்டர்’ வசதி வழியாக எக்ஸ்பிக்குக் காட்டலாம். நெட்வொர்க் கார்டை அணைத்திருந்தாலும் இது வேலை செய்யும். இதனால் பேக்கப்பும் லேசாகிறது. விர்ச்சுவல் டிஸ்க்குக்குள் ஓர் எழுத்து மாறினாலும், சாதாரண பேக்கப் சாஃப்ட்வேரின் கண்ணுக்கு 10 ஜிபி ஃபைல் முழுவதும் மாறிவிட்டது. கூகுள் டிரைவில் ஏறவிட்டால் ராத்திரி முழுக்க ஏறிக்கொண்டிருக்கும். லேபிள்கள் வெளியே இருந்தால் அன்றன்று மாறிய சில எம்பி மட்டும்தான் போகும். விர்ச்சுவல் டிஸ்க்கை மாதம் ஒருமுறை நகலெடுத்தால் போதும்.

நகலெடுப்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். பொய்க் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபைலைக் காப்பி செய்தால், பாதி எழுதிய நிலையில் ஒரு நகல் கிடைக்கும். ‘சேவ் ஸ்டேட்’ கொடுத்து நிறுத்தி வைப்பதும் போதாது. எக்ஸ்பியின் ஸ்டார்ட் மெனுவிலிருந்தே முறையாக ஷட்டவுன் செய்த பிறகுதான் காப்பி. அடுத்தது பென்டிரைவ். 32 ஜிபி பென்டிரைவில் 10 ஜிபி ஃபைல் ஏற மறுக்கும். ஃபைல் மிகப் பெரியது என்று கம்ப்யூட்டர் சாதிக்கும். பென்டிரைவ் பழுதில்லை. அது ஃபேட்-32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது, அந்த முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்-ஃபேட்டிலோ என்டிஎஃப்எஸ்ஸிலோ ஃபார்மேட் செய்துகொண்டால் ஏறும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குழி, ஸ்னாப்ஷாட். ஒரு பட்டனை அழுத்தினால் இன்றைய நிலை பத்திரம், நாளைக்கு ஏதாவது கெட்டால் திரும்பி வரலாம் என்பது அதன் வசதி. அதை பேக்கப் என்று நம்புகிறவர்கள் அநேகம். உள்ளே நடப்பது வேறு. ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் மூல டிஸ்க் ஃபைல் உறைந்துவிடும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் ‘ஸ்னாப்ஷாட்ஸ்’ ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபைலில் போய்ச் சேரும். இந்த இரண்டாவது ஃபைலுக்குத் தனி வாழ்க்கை கிடையாது. மூலம் போனால் அதுவும் போச்சு. மூல ஃபைலை மட்டும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்துவைத்தவர், ஒருநாள் அதைத் திறந்து பார்த்தால் ஸ்னாப்ஷாட் எடுத்த அன்றைய கம்ப்யூட்டர்தான் இருக்கும். ஆடியில் எடுத்திருந்தால் புரட்டாசியில் நிறுவிய ஃபாண்டு ஒன்றும் இருக்காது. ‘ரீட்-ஒன்லி’ என்று முன்னால் சொன்னதும் இதற்காகத்தான். சங்கிலியில் இருக்கும் மூல ஃபைலை விண்டோஸில் திறந்து, அதில் ஒரு சின்ன மாற்றம் விழுந்தால்கூட அதன்மேல் நிற்கும் ஸ்னாப்ஷாட்கள் பொருந்தாமல் போய்விடும்.

இதற்கு என் வழி முரட்டு வழி. பேக்கப் எடுக்கும் முன் ஸ்னாப்ஷாட்களை விர்ச்சுவல்பாக்ஸ் வழியாகவே நீக்கிவிடுவது. ‘டிலீட்’ என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வேலை அழியாது. எல்லாம் ஒரே ஃபைலாகச் சேர்ந்துவிடும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் போய் அந்த ஃபைல்களைக் கையால் அழிப்பதுதான் கொலை. பிறகு டிஸ்க் ஃபைலை மட்டுமல்லாமல், அமைப்பு ஃபைலும் சேர்ந்திருக்கும் மெஷின் ஃபோல்டர் முழுவதையும் காப்பி செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் விண்டோஸில் உள்ள செர்ட்யூட்டில் கட்டளையால் மூலத்துக்கும் நகலுக்கும் ஹாஷ் எண் எடுத்துப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் நகல் பழுதில்லை.

நகலை எங்கே வைப்பது? பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய ‘3-2-1’ கணக்கு ஒன்று உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். சிவகாசிக்கு அந்தக் கடைசி ஒன்றுதான் முக்கியம். வேலை உச்சத்தில் இருக்கும் ஐப்பசி கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழையும் இடியும் வரும். மின்னல் ஒரு வீட்டின் ஒயரில் இறங்கினால் கம்ப்யூட்டரையும் அதில் செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் சேர்த்தே கொண்டுபோகும். ஃபைல் பூட்டும் வைரஸும் செருகியிருக்கும் டிஸ்க்கைச் சும்மா விடாது. இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, மாற்றி மாற்றிக் காப்பி எடுத்து, ஒன்றைத் திருத்தங்கலில் இருக்கும் அக்கா வீட்டு பீரோவில் வைத்தால் போதும். கிளவுடுக்கு மாதச் சந்தா கட்டுவதைவிட இது மலிவு என்பது என் கட்சி.

எடுத்த நகல் கிளம்புகிறதா என்று பார்க்காதவரை அது பேக்கப் இல்லை. இந்தச் சோதனைக்கு நல்ல காலம் தை, மாசி. காலண்டர் ஓய்ந்து, கோடை நோட்டு வேலை வருவதற்கு முன் கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருக்கும். நகலை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுக் கிளப்ப வேண்டும். அதே கம்ப்யூட்டரில் முயன்றால், இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் என்று விர்ச்சுவல்பாக்ஸ் தகராறு செய்யும். எக்ஸ்பி வந்ததா, பேஜ்மேக்கர் திறந்ததா, பழைய லேபிளில் ஃபாண்டு சரியாக விழுந்ததா, பிளேட் போடும் இடத்துக்குப் பிடிஎஃப் கொடுக்க முடிந்ததா என்று நான்கையும் பார்த்துவிட வேண்டும்.

எவ்வளவு நகலெடுத்தாலும் நகலாகாத ஒன்று மிச்சமிருக்கிறது. பழைய தமிழ் ஃபாண்டு சாஃப்ட்வேர்கள் சில, கம்ப்யூட்டரில் செருகும் சின்ன லாக் இருந்தால்தான் வேலை செய்யும். யூஎஸ்பி லாக் என்றால் விர்ச்சுவல்பாக்ஸ் அதை எக்ஸ்பிக்குள் அனுப்பிவிடும். அதற்கும் முந்தைய, பிரின்டர் போர்ட்டில் மாட்டும் லாக் என்றால் புதிய கம்ப்யூட்டரில் மாட்ட இடமே இல்லை. லாக் கையில் இருக்கிறது, பழைய இயந்திரம் ஏதோ ஒருவிதத்தில் ஓடுகிறது என்றால், தைக்குக் காத்திருக்காமல் லேபிள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப்பாக்கிவிடலாம். எழுத்துகளை ஃபாண்டு மாற்றும் கருவியில் போட்டு யூனிகோடாகவும் ஒரு பிரதி சேமிக்கலாம். பசுமைப் பட்டாசு வந்த பிறகு லோகோவும் க்யூஆர் கோடும் சேர்ந்து லேபிள்களை எப்படியும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த திருத்தத்துக்கு வரும் லேபிளை மட்டும் புதிய சாஃப்ட்வேரில் செய்து, பழையதைப் பொய் டிஸ்க்கிலேயே விட்டுவைக்கலாம்.