உப்புக் காற்றிலும் ஒரு ரோஜா!

"தூத்துக்குடியில் உப்பு விளையும், ரோஜா பூக்குமா?" என்கிறீர்களா? பூக்கும், சகோதரிகளே! 'எட்வர்ட் ரோஜா' என்ற இளஞ்சிவப்பு ரகத்தை வைத்துப் பாருங்கள். அதுவும் கடல் சூழ்ந்த மண்ணில் பிறந்ததுதான். இந்துமகா சமுத்திரத்து ரீயூனியன் தீவில், 1817-ஐ ஒட்டி, டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து பிறந்ததாம். மணம் ஒருவர் தந்த சீதனம். ஓயாமல் பூப்பது மற்றவர் சீதனம்!

கடற்காற்றைவிட அதற்குப் பெரிய பகை, கிணற்று உப்பு நீர். இலை ஓரம் கருகினால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். அடியில் துளையுள்ள தொட்டியில் செம்மண்ணும் மட்கிய சாணமும் கலந்து, குடிக்கும் தண்ணீரையே ஊற்றுங்கள். ஐப்பசி மழையில் தொட்டியை வெளியே வையுங்கள். தேங்கிய உப்பு கழுவிப் போகும். மழை ஓய்ந்ததும் செடியை முழ உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். மனம் கேட்காதுதான். ஆனால் புதுக் கிளையில்தானே பூ!